தேநீரில் மிதந்த வெள்ளைத் துணுக்குகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் மேசைக்கு இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வந்தன. இரண்டிலும் இருப்பது ஒரே தேயிலையில் இருந்து பொறுக்கிய துணுக்குகள் என்று கூட வந்த கடிதம் சொன்னது. அகச்சிவப்பு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தோம். முதல் குப்பிக்கு அது சொன்ன பெயர் செலுலோசு. இரண்டாவதற்குச் சொன்ன பெயர் பொலிபுரொப்பிலீன். ஒன்று காகிதத்துக்கும் பருத்திக்கும் இலை நாருக்கும் உடம்பாக இருக்கும் பொருள். மற்றது பின்னிய சாக்குப் பை. ஒரே தூளில் கிடந்த துணுக்கு எப்படி இரண்டாகும் என்று மூன்று கிழமை மண்டையைப் போட்டு உடைத்தோம்.

தேயிலை இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அப்பால் ஒரு ஸ்டோரில் இருந்து வந்தது. (மலைநாட்டில் யாரும் தேயிலைத் தொழிற்சாலை என்று வாயால் சொல்வதில்லை, ஸ்டோர்தான்.) ஸ்டோரின் பெயர் வேண்டாம். எங்கள் ஆய்வுகூடத்தின் பெயரும் வேண்டாம், கண்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேட் பி.ஓ.பி.எஃப், அதாவது சிறிதாக உடைந்த தூள் ரகம். வாங்கியவர்களின் முறைப்பாடு ஒரே வரி: கொதிநீர் ஊற்றி ஊறவைத்தால் மேலே வெள்ளையாகத் துணுக்குகள் மிதக்கின்றன.

ஸ்டோரில் அதே தூளின் மாதிரி எடுத்து வைத்திருந்தார்கள். டீமேக்கர் (தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) அதைக் கறுப்புத் தட்டில் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். வெள்ளை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. "முப்பது வருசமாத் தூளு பாக்கிறேன் மிஸ். வெள்ளையா ஒன்னு கெடந்தா என் கண்ணுக்குத் தப்புமா? கோப்பை கழுவுன இடத்தில வந்து விழுந்திருக்கும்" என்றார். ஆனாலும் மனிதர் நேர்மையானவர். பூதக்கண்ணாடி வைத்து, தேயிலை மாதிரி இல்லை என்று தனக்குப் பட்ட 14 துணுக்குகளை ஊசியால் பொறுக்கி எடுத்து வந்தார். தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருந்தன. அதுதான் முதல் குப்பி. இரண்டாவது குப்பி வாங்கியவர்கள் அனுப்பியது: ஊறிய சண்டில் (தேயிலைச் சக்கையில்) இருந்து பொறுக்கிய ஒன்பது வெள்ளைத் துணுக்குகள்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. அகச்சிவப்பு என்பதை எங்கள் உயர்தர வகுப்புப் புத்தகம் செந்நிறக்கீழ்க் கதிர் என்று சொல்லும். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அதிலும் சூடு ஏறியது. அந்தக் கதிர்தான். அதில் 2.5 முதல் 25 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளம் எங்களுக்கு வேலை. மூலக்கூறில் அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் சும்மா இருப்பதில்லை. நீள்கின்றன, வளைகின்றன, ஆடுகின்றன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனக்கென்று ஓர் அலையெண் உண்டு. அந்த அலையெண்ணில் வரும் கதிரை அது விழுங்கிவிடும். எது எது விழுங்கப்பட்டது என்று வரைந்தால் அது நிறமாலை. அலையெண் என்பது ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலை அடங்கும் என்ற கணக்கு. இனி 1715, 874 என்று நான் சொல்வதெல்லாம் அதுதான்.

இதையே நுணுக்குக்காட்டியின் கீழ், தலைமுடியை விட மெல்லிய இடத்தில் செய்வதில்தான் சிக்கல். சாதாரணக் கண்ணாடி வில்லை அகச்சிவப்பின் பெரும்பகுதியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வில்லைக்குப் பதிலாக வளைந்த ஆடிகள் இரண்டைக் கொண்டு குவிப்பார்கள். உணரியை மைனஸ் 196 பாகையில் திரவ நைதரசன் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதன் சொந்தச் சூட்டின் இரைச்சலே எல்லாவற்றையும் மூடிவிடும். எங்களுக்கு நைதரசன் கொழும்பில் இருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வரும். வருகிற வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வரும். லொறி பிந்தினால் அந்தக் கிழமை வேலை இல்லை.

எத்தனை ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கினாலும் இந்தக் கருவிக்கு ஓர் எல்லை இருக்கிறது. அலையெண் 1000 என்றால் அலைநீளம் 10 மைக்ரோமீற்றர். ஏறக்குறைய அந்த அளவை விடச் சின்ன விபரத்தை அந்த ஒளி பிரித்துக் காட்டாது, கலங்கலாகத்தான் காட்டும். எங்கள் துணுக்குகள் நூறு, இருநூறு மைக்ரோமீற்றர் அகலம் இருந்ததால் அது பெரிய தொல்லையாக இல்லை. பின்னால் ஓர் இடத்தில் தொல்லை கொடுத்தது.

76 மார்க்

முதல் குப்பியில் இருந்து ஒரு துணுக்கை எடுத்து, ஜேர்மானியம் என்ற மூலகத்தால் ஆன பளிங்கின் கீழ் வைத்து அழுத்தினேன். ஏ.டி.ஆர் என்று சொல்கிற முறை. பளிங்குக்குள் முழுதாகத் தெறித்துத் திரும்பும் கதிர், தெறிக்கும் இடத்தில் வெளியே கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். அந்த எட்டிப் பார்க்கும் தூரத்துக்குள் என்ன இருக்கிறதோ அதன் நிறமாலை கிடைக்கும். சுகமான முறை. துணுக்கைச் சீவ வேண்டாம், கரைக்க வேண்டாம். ஆனால் ஜேர்மானியத்தில் அந்த தூரம் அலையெண் 1000 பக்கம் ஒரு மைக்ரோமீற்றர் கூட வராது. தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆளைச் சொல்கிற கதை.

நிறமாலையில் 3300இல் அகன்ற மேடு, 1620 பக்கம் ஒரு மேடு, 1030இல் பெரிய மலை. கணினியில் உள்ள நிறமாலைக் களஞ்சியத்தில் தேடச் சொன்னேன். செலுலோசு, பொருத்தம் நூற்றுக்கு 76. அடுத்த பெயர் ஏதோ மரப்பிசின். மூன்றாவதாக நைலோன் கூட வந்தது. இலைப் புரதமும் நைலோனும் ஒரே வகைப் பிணைப்பால் கட்டியவை, 1640, 1540 இரண்டிலும் தலை காட்டும். அதனால் களஞ்சியம் இப்படி உளறுவது உண்டு. 76 என்பது பாஸ் மார்க் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், டீமேக்கர் தொலைபேசியில் கேட்டபோது, "காகிதம் மாதிரித்தான் தெரியுது ஐயா, பொதி கட்டுற பையா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தூள் பொதி செய்வது பல அடுக்குக் காகிதப் பையில். அவர் அன்றைக்கே பொதி அறையில் பை வெட்டும் கத்தியை மாற்றி, மேசையை இடம் மாற்றி, இரண்டு பேரை ஏசியும் இருக்கிறார். அந்த ஏச்சு என் கணக்கில் சேர வேண்டியது.

மறுநாள் இரண்டாவது குப்பி. 2950, 2917, 2868, 2838 என்று நான்கு கூர்முனைகள் வரிசையாக நின்றன. அப்புறம் 1456, 1376. கீழே 1167, 998, 973, 841. இதைப் பார்க்கக் களஞ்சியம் தேவையில்லை, பொலிபுரொப்பிலீனின் கையெழுத்து. அதோடு 1420 பக்கம் அகன்ற ஒரு திட்டும் 874இல் ஒரு கூர்முனையும் இருந்தன. அது கல்சியம் காபனேற்று, சுண்ணாம்புத் தூள். சாக்கு பின்னும் பட்டை நாடாவில் சுண்ணாம்புத் தூள் கலப்பது சாதாரணம்.

ஆக ஸ்டோர்காரர் எடுத்தது காகிதம், வாங்கியவர் எடுத்தது சாக்கு. டீமேக்கர் சொன்னபடி வெள்ளைத் துணுக்கு வாங்கியவர் வீட்டில் விழுந்ததுதானோ என்று நாங்களும் கொஞ்ச நேரம் நம்பினோம். நடுவில் இன்னொரு குழப்பம் வேறு. வெள்ளைத் துணுக்குகளில் மூன்று, பொலிபுரொப்பிலீனோடு சேர்த்து 1030இல் ஒரு மேட்டையும் காட்டின. அரை நாள் அதற்கு விளக்கம் தேடிய பிறகுதான் பளிங்கை வெறுமையாக வைத்து ஒரு நிறமாலை எடுக்கத் தோன்றியது. மேடு வெறும் பளிங்கிலேயே இருந்தது. முந்தின நாள் அழுத்திய பழுப்புத் துணுக்கு தன்னுடையதைக் கொஞ்சம் பளிங்கில் அப்பிவிட்டுப் போயிருக்கிறது. ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்துத் துடைத்துத் திரும்ப எடுத்தேன். மேடு போய்விட்டது.

போய்விட்டது, சரி. ஆனால் காகிதம் பளிங்கில் ஒட்டாதே. காய்ந்த காகிதத்தை எத்தனை முறை அழுத்தினாலும் அது எதையும் அப்பிவிட்டுப் போகாது. அப்பியது ஏதோ பிசுபிசுப்பான சங்கதி. அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

துணுக்குக்கு ஒரு டீ

தட்டியது எங்கள் கூடத்தில் வேலை பழகுகிற தம்பிக்கு. பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: "அக்கா, அவங்க துணுக்கு எல்லாம் சுடுதண்ணியில ஊறி வந்தது. நம்ம துணுக்குக்கும் ஒரு டீ போட்டுப் பாப்பமா?"

சிரித்தோம். அப்புறம் போட்டோம். மணிக்கூட்டுக் கண்ணாடி என்று நாங்கள் சொல்லும் குழிந்த தட்டில் ஒரு பழுப்புத் துணுக்கை வைத்து, கேத்தலில் இருந்து நாலைந்து துளி கொதிநீர் விட்டோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துணுக்கின் விளிம்பில் இருந்து மெல்லிய புகை மாதிரி செம்மஞ்சள் கசிந்தது. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் சாயம் பிடித்தது. துணுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி, மெல்லப் புரண்டு, மேலே வந்து மிதந்தது. ஆறாவது நிமிடம் ஊசியால் தொட்டுத் திருப்பினேன். அரை வெள்ளை, அங்கங்கே பழுப்பு ஒட்டியிருந்தது. பொலிபுரொப்பிலீன் தண்ணீரை விட இலேசு, அடர்த்தி 0.9 பக்கம், மிதக்காமல் என்ன செய்யும்? காயவைத்துப் பளிங்கின் கீழ் வைத்தேன். 1376, 1167, 998, 973, 841, கூடவே 874. அதே சாக்கு.

பழுப்பும் வெள்ளையும் ஒன்றுதான். பழுப்பு, சட்டை போட்ட வெள்ளை. உலர்ந்த தூளில் டீமேக்கரின் கண்ணுக்குத் தப்பியதற்கும், கோப்பையில் எல்லோர் கண்ணிலும் பட்டதற்கும் அதுதான் காரணம். நான் செலுலோசு என்று படித்தது அந்தச் சட்டையை.

இனி அந்தச் சட்டை எங்கே போட்டது என்ற கேள்வி. கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் வாட்டும் தொட்டியில் இரவு முழுக்கக் கிடக்கும். ஈரம் பாதிக்குக் கிட்ட இறங்கி, இலை துணி மாதிரித் துவண்ட பிறகு உருட்டப் போகும். உருட்டும் மெசினிலும், இலையை நசுக்கி அரைக்கும் ரொட்டர்வேனிலும் இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளியே வரும்; எல்லாவற்றிலும் பூசிக்கொள்ளும், கையில் தொட்டால் ஒட்டும். அப்புறம் நொதிக்க வைத்து, ஏறக்குறைய 90, 100 பாகைச் சூட்டுக் காற்றில் காயவைத்தால் ஈரம் 3 வீதத்துக்கு இறங்கி, சாறு அப்படியே இறுகிவிடும். அதற்குப் பின்னால் சலிப்பது, நார் எடுப்பது, பொதி செய்வது எல்லாம் உலர்ந்த வேலை. ஆகவே ஒரு துணுக்கு சாற்றுச் சட்டை போட்டிருந்தால், அது உருட்டும் இடத்துக்கு வரும் முன்பே கொழுந்தோடு சேர்ந்துவிட்டது. பொதி அறையில் விழுந்த துணுக்குக்குச் சட்டை கிடைக்காது.

நான் துடைத்தெறிய நினைத்த அழுக்குத்தான் இந்த வழக்கின் சாட்சி. ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட முடியாது. பிளாஸ்டிக் உராய்ந்தால் மின்னேற்றம் பிடிக்கும், தூசு ஒட்டும். பொதி அறையில் விழுந்த துணுக்கில் தேயிலைத் தூசு ஒட்டி, மலைநாட்டு ஈரத்தில் ஊறிப் படிந்திருந்தால்? ஸ்டோர்காரர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். தோலைத் தொட்டுப் பார்ப்பதால் இதற்குப் பதில் வராது. குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும்.

384 புள்ளிகள்

கழுவாத ஒரு துணுக்கை எபொக்சிப் பிசினில் புதைத்து, ஒரு நாள் இறுக விட்டு, 10 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவினோம். மெழுகில் புதைப்பது லேசு. ஆனால் மெழுகின் அலையெண்கள் பொலிபுரொப்பிலீனோடு முட்டும். எபொக்சிக்கு 1510இல் தனியான அடையாளம் உண்டு, அதை ஒதுக்கிவிடலாம். சீவலைப் பேரியம் புளோரைட்டு வில்லையில் வைத்தோம். அது அலையெண் 800 பக்கம் வரைதான் வழிவிடும். எங்களுக்கு வேண்டிய 841, 874 இரண்டும் தப்பிவிட்டன.

படம் எடுப்பது என்றால் கமெராவில் சொடுக்குவது போல இல்லை. புதிய கருவிகளில் 64க்கு 64 என்று உணரிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், 4096 நிறமாலைகளைச் சில நிமிடத்தில் அள்ளிவிடும். எங்களுடையது ஒற்றைக்கண் கருவி. மேடை 10 மைக்ரோமீற்றர் நகரும், நிற்கும், 20 செக்கன் பார்க்கும், மறுபடி நகரும். 240க்கு 160 மைக்ரோமீற்றர் பரப்பு. 24 நிரல், 16 நிரை, 384 புள்ளிகள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதுவரை அறைக்குள் யாரும் நடமாடக் கூடாது. மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு 2350இல் வந்து உட்கார்ந்துவிடும்.

384 நிறமாலைகளும் கையில் வந்த பிறகு எந்த அலையெண்ணைக் கேட்கிறோமோ அதன் படம் கிடைக்கும். 1376ஐக் கேட்டேன்: நடுவில் ஒரு பட்டை, ஐந்து புள்ளி தடிப்பு. சாக்கு நாடா. 874ஐக் கேட்டேன்: அதே பட்டைக்குள் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு. சட்டைக்குரிய 1620ஐக் கேட்டேன்: பட்டையின் மேலும் கீழும் மெல்லிய கோடு. விட்டு விட்டு இல்லை, தொடர்ந்து. அலைநீளமே கோட்டின் அகலத்தை ஒட்டி வருவதால் சட்டையின் தடிப்பு இவ்வளவு என்று எண்ணால் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் கோடு எங்கே போகிறது என்று சொல்லலாம். பட்டையின் வலது முனை கிழிந்து, தும்பு தும்பாக இருந்தது. கோடு அந்தக் கிழிசலையும் சுற்றி, தும்புகளுக்கு நடுவே இறங்கி, மறுபக்கம் ஏறி வந்தது. மின்னேற்றத்தில் ஒட்டிய தூசு அப்படி இடுக்குக்குள் வழிந்து போகாது. நாடா முதலில் கிழிந்திருக்கிறது. அப்புறம் ஈரச் சாற்றில் நனைந்திருக்கிறது.

கிழிந்த முனைகள் கூர்மையாக இருந்ததற்கும் கணக்குச் சரி. பொலிபுரொப்பிலீன் உருக 160 பாகைக்கு மேல் வேண்டும். காயவைக்கும் சூடு அதற்குக் கீழே, அதனால் முனைகள் உருகி உருளவில்லை.

ஒரு சின்ன விசயம். படத்தில் சாக்குக்குச் சிவப்பும் சட்டைக்குப் பச்சையும் போட்டது நான். வேறு நிறம் கைக்கு வந்திருந்தால் அதைப் போட்டிருப்பேன். அறிக்கையைப் பார்த்த ஸ்டோர் முகாமையாளர் முதலில் கேட்டது, "இந்தச் சிவப்பு நஞ்சா?" அடுத்த முறையில் இருந்து சாக்குக்கு மஞ்சள் போடுகிறேன்.

மழைக்குள் ஒரு மேடு

சாக்கு என்று தெரிந்தது, உருட்டும் முன் சேர்ந்தது என்றும் தெரிந்தது. ஆனால் எந்தச் சாக்கு? புதுச் சாக்கு இப்படித் தும்பாக உதிராது. பொலிபுரொப்பிலீன் வெயிலுக்கு எளிதில் தோற்கும் பொருள். புறஊதாக் கதிர் பட்டால் சங்கிலி அறுந்து, அறுந்த இடத்தில் ஒட்சிசன் ஏறும். அப்படி ஏறிய இடம் அலையெண் 1715 பக்கம் மேடாகத் தெரியும். பாதுகாப்புக்குக் கலந்த மருந்து தீர்ந்த பிறகு சாக்கு மளமளவென்று நொறுங்கும். மலை உயர உயரப் புறஊதாவும் கூடும்.

ஆகவே 1715ஐத் தேட வேண்டும். மாதம் யூலை. தென்மேற்குப் பருவமழை சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அகச்சிவப்புக்காரர்களுக்கு அதைப் போல எதிரி கிடையாது. காற்றில் உள்ள நீராவி 1400 முதல் 1900 வரை சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக விழும். நாங்கள் தேடும் மேடு அந்தச் சீப்புக்குள்தான் இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் பொற்றாசியம் புரோமைட்டு வில்லையோ உப்பு மாதிரி ஈரத்தில் கரையும் சாதி. நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் முழுக்க வெளிர்சிவப்பாகிவிட்டிருந்தது. அதை ஓவனில் போட்டு வறுத்துத் திரும்ப நீலமாக்கினோம். மேடையைச் சுற்றிப் பெட்டி மாதிரி மூடி, இரவு முழுக்க உலர் நைதரசனை உள்ளே ஓட விட்டு, விடிகாலையில் எடுத்தோம். சீப்பு அடங்கியது.

இன்னொரு பொறியும் இருந்தது. தேயிலையின் பொலிபீனோல்களிலும் 1700க்குக் கொஞ்சம் கீழே தலை காட்டும் பிணைப்பு உண்டு. சட்டையோடு பார்த்தால் அது வெயில் மேடு மாதிரி ஏமாற்றும். அதனால் மூன்று முறை சுடுநீரில் கழுவிய துணுக்குகளை மட்டும் எடுத்து, சட்டை போய்விட்டதா என்று 1030இல் பார்த்து உறுதி செய்துவிட்டு, இரண்டு முகத்தையும் தனித்தனியாக அழுத்தினேன். 1715 மேட்டின் உயரத்தை ஒப்பிடுவதற்கு 1456ஐ எடுப்பது பலரின் வழக்கம். சுண்ணாம்பு அதன் காலடியில் படுத்திருப்பதால் நான் 973ஐ எடுத்தேன். ஒரு முகத்தில் 1715 மேடு நன்றாகத் தெரிந்தது. மறுமுகத்தில் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரே பக்கம் வெயிலில் காய்ந்த பழைய சாக்கு.

மலையில்

ஒப்பிட மாதிரி வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை நாங்களே போனோம். ஸ்டோரில் கன்வேயர் பட்டி (மென்மையாக்கி கலந்த பி.வி.சி), பொலித்தீன் உட்பை, நைலோன் கயிறு என்று தொடக்கூடியதை எல்லாம் ஒவ்வொரு துண்டு வெட்டி எடுத்தோம். எதுவும் பொருந்தாது என்று நிறமாலை எடுக்கும் முன்பே ஓரளவு தெரியும். பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஏறினோம்.

பெண்கள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்கு பொலித்தீன், அது இல்லை. கொழுந்தை லொறியில் ஏற்றக் கட்டி வைத்திருந்த சாக்குகளில் சில நைலோன் வலை. மிச்சம் எல்லாம் வெள்ளைப் பின்னல் சாக்கு, மாவும் அரிசியும் உரமும் வந்த பழைய சாக்கு. ஒன்றின் வாயை நான் விரலால் நிமிண்டினேன். நாடா நூலாகப் பிரியவில்லை. அப்பளம் மாதிரி உடைந்தது. கட்டைவிரலில் வெள்ளைத் தவிடு ஒட்டியது. வாட்டிய கொழுந்தோடு சேர்ந்து ரொட்டர்வேனுக்குள் போனால் அது பி.ஓ.பி.எஃப் அளவுக்கே அரைபடும், சல்லடை எப்படிப் பிடிக்கும்?

பக்கத்தில் நின்ற பெரியம்மாவிடம் இந்தச் சாக்கை எங்கே காயப்போடுவீர்கள் என்று கேட்டேன். "தகரத்து மேலதான் புள்ள. நனஞ்ச சாக்குல கொழுந்த அமுக்குனா செவந்துபோகும்னு கணக்கப்புள்ள ஏசுவாரு. மேல கல்லு வெச்சுட்டு வருவோம்." தகரக் கூரையில் விரித்து மேலே கல், ஒரு பக்கம் மட்டும் வெயில். பிறகு அவரே சொன்னார்: "வலைச் சாக்கு குடுத்தது ரெண்டு வருசத்துக்கு முந்தி. அது கிழிஞ்சு போச்சு. கேட்டா வருது வருதுங்கிறாங்க. அதுக்குன்னு கொழுந்த மடியிலயா கட்டிக் கொண்டாறது?"

அந்தச் சாக்கின் நிறமாலையும் துணுக்குகளின் நிறமாலையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்தன: பொலிபுரொப்பிலீன், சுண்ணாம்பு, ஒரு முகத்தில் 1715.

அறிக்கையின் ஒரு வாக்கியத்துக்குத்தான் ஒரு கிழமை இழுபறி. முகாமை கேட்ட வாக்கியம்: "தொழிலாளர்கள் கொண்டுவந்த சாக்கில் இருந்து கலந்தது." சாக்கைத் தொழிலாளி தூக்கினாள் என்பது உண்மை. ஆனால் சாக்கைக் கொண்டுவந்தது யார், கொடுக்காமல் விட்டது யார் என்பதற்கு எந்த அலையெண்ணிலும் உறிஞ்சல் கிடையாது. அந்த வாக்கியத்தை நான் எழுத மறுத்தேன். உரச் சாக்கு இல்லை, அரிசிச் சாக்குத்தான் என்று எழுதித் தரவும் கேட்டார்கள், வாங்கியவர் பயப்படுவாராம். இரண்டு சாக்கும் ஒரே பொலிபுரொப்பிலீன், ஒரே சுண்ணாம்பு, கருவி பிரிக்காது. கடைசியில் எழுதியது இது: "வெயிலில் ஒரு பக்கம் முதுமையடைந்த, கல்சியம் காபனேற்றுக் கலந்த பொலிபுரொப்பிலீன் பின்னல் நாடா, கொழுந்து உருட்டப்படும் முன் கலந்தது." டீமேக்கருக்கு அது போதுமாக இருந்தது. பொதி அறையில் ஏசிய இரண்டு பேரிடமும் போய்ப் பேசியதாகச் சொன்னார். வலைச் சாக்கு வந்தது, தோட்டத்தின் ஒரு டிவிசனுக்கு (பிரிவுக்கு) மட்டும் இப்போதைக்கு.

பெரியம்மா கொடுத்த சாக்கின் ஒரு முழத் துண்டு எங்கள் இழுப்பறையில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் உதிரும். அதன் நிறமாலையை எங்கள் சொந்தக் களஞ்சியத்தில் "கொழுந்துச் சாக்கு, வெயில் பட்டது" என்ற பெயரில் சேர்த்தோம். இப்போது பழைய பொலிபுரொப்பிலீன் எதை வைத்தாலும், வாளியின் உடைசலோ கதிரையின் காலோ, கணினி முதலில் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது, 93, 94 என்று. போன மாதம் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: "சட்டையைப் பார்க்கவும்." தம்பிக்கு விளங்கும்.